கெண்டைக்கால் பரணி

கெடா மாநிலக் கூலிம் மாவட்டத்துக் கரங்கான் நகருக்கு அப்பால், செம்பனை நிழல் சூழ்ந்த செண்பகக்குன்றுத் தோட்டத்தில் பிறந்தவனும், எழுவர் ஆடும் காற்பந்துப் படைக்குத் தலைவனும், பத்தாம் எண் பொறித்த செஞ்சட்டை தரித்தவனும், நிமிர்த்திய காலர் ஒருபோதும் மடங்காதவனும், கருமேகத்தில் ஒரு துண்டைக் கிள்ளி மூக்கின் கீழ் ஒட்டியதுபோன்ற மீசையனுமாகிய சுகுமாரன் என்னும் வீரத்திருமகனின் பாதங்களை, குறிப்பாக இடது பாதத்தை, வணங்கித் தொடங்குகிறோம். யானைமுகத்தானே, எங்கள் பேனா பாதியில் மக்கர் பண்ணாமல் காப்பாய். புரட்டாசிச் சனிக்கிழமைக்கு உரிய பெருமாளே, நடந்ததை நடந்தபடியே சொல்கிறோம், கோபித்துக்கொள்ளாதிருப்பாய். தோட்டத்து வாசலில் அரிவாளும் சுருட்டுமாக நிற்கும் முனியாண்டி ஐயா, நீங்களும் அவ்வண்ணமே. நாம் பாடப் புகுந்த போர் நாட்டுக்காகவோ, பெண்ணுக்காகவோ, பொன்னுக்காகவோ நடந்ததன்று. ஒரு மனிதன் திடலின் நடுக்கோட்டிலிருந்து பெனல்டிப் புள்ளிவரை நடந்து போனான். அவ்வளவுதான் கதை.

நடப்பதில் என்ன காவியம் என்று கேட்பவர் காற்பந்தை அறியாதவர். நடையில்தான் மிடுக்கு இருக்கிறது. இளையோர் அதைக் கெத்து என்பர். தனியாக ஓடுகிறவனுக்கும் தனியாக நீந்துகிறவனுக்கும் அது காதில் போட்ட கடுக்கன்; இருந்தால் அழகு, இல்லாவிட்டால் நட்டமில்லை. கூட்டமாக ஆடுகிறவர்களுக்கோ அது சோறு. ஒருவன் சமைத்தால் ஏழு பேர் சாப்பிடலாம். அந்த ஒருவன் கை நடுங்கி அடுப்பை அணைத்துவிட்டால் ஏழு பேரும் பட்டினி.

இந்த உண்மையைச் செண்பகக்குன்றார் சென்ற ஆண்டுத் தீபாவளிக் கிண்ண இறுதிப்போரில் கண்ணீரோடு கற்றனர். கடற்காற்று குடித்து வளர்ந்த கோத்தா கோலா மூடாப் படையை எதிர்த்து நின்ற அந்நாளில், கடைசி நேரத்தில் பெனல்டி என்னும் பெருவரம் வாய்த்தது. அதை ஏந்திச் சென்றவன் திவாகரன். நல்ல ஆட்டக்காரன், கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் பந்து சொன்ன இடத்துக்குப் போகும். ஆனால் அன்று குருவிபோல் தத்தித் தத்திப் போனான். பந்தை வைத்தான், எடுத்துத் துடைத்தான், மறுபடி வைத்தான். நடுவரைப் பார்த்து, அடிக்கலாமா சார் என்று கேட்டான். விசில் ஊதியதும் பயந்து துள்ளினான். அவன் உதைத்த பந்து கோல் கம்பத்துக்கு மேலே பறந்து, செம்பனைத் தோப்புக்குள் புகுந்து, பழக்குலைகளுக்கிடையே மறைந்தது. கிண்ணம் கோலா மூடாவுக்குப் போயிற்று. அன்றுமுதல் திவாகரன் பெனல்டி அடித்ததே இல்லை. பயிற்சியில் மற்றவர்கள் வரிசையாக நின்று அடிக்கும்போது, தண்ணீர்ப் போத்தல்களுக்குக் காவல் நிற்பவன்போல் ஓரமாகப் போய் நின்றுகொள்வான்.

மாரியம்மன் கோயில் மண்டபத்தில் மந்திராலோசனை கூடிற்று. கால் இருக்கிறது, மூச்சு இருக்கிறது, மிடுக்கு ஒன்றே இல்லை என்று பெரியோர் கண்டறிந்தனர். மிடுக்குக்கு உரியவன் யார் என்று அவை தேடியபோது, அத்தனை கண்களும் சுகுமாரனின் மீசைமேல் போய் உட்கார்ந்தன. அவன் மூன்று முறை மறுத்தான். மறுத்த குரல் மிகவும் மெல்லியது. யார் காதிலும் விழவில்லை.

இங்கே ஓர் இரகசியத்தைச் சொல்லியாக வேண்டும். மீசை சுகுமாரனுடையதே தவிர, வீரம் அவனுடையதன்று. கூலிம் தொழிற்சாலையில் சுமை தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டும் அந்தப் பெருந்தகை, கடையில் ரொட்டி சானாய் கேட்டுத் தோசை வந்தாலும், பரவாயில்லை லா என்று தின்றுவிட்டு வருகிறவன். நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளில் தன் கால் பட்டுவிட்டால், ஆளே இல்லாத அந்த வண்டியிடம் மன்னிப்புக் கேட்கிறவன். பெனல்டி என்ற சொல்லைக் கேட்டாலே, அவிழாத பூட்சுக் கயிற்றைக் கட்டக் குனிந்துகொள்கிறவன். இதெல்லாம் தெரிந்தவள் உலகத்தில் ஒருத்திதான். அவள் அவன் மனைவி காஞ்சனா.

ஆயினும் படை கேட்டதைக் கொடுக்காமல் இருக்க முடியுமா? மிடுக்கைக் கற்றுத்தர ஓர் ஆசான் வேண்டுமே என்று தவித்த சுகுமாரனுக்குக் கரங்கான் சாலையிலேயே ஆசான் கிடைத்தது. தோட்டத்துப் பசு ஒன்று நாள்தோறும் மாலையில் அந்தச் சாலையைக் கடக்கும். இந்தப் பக்கம் லாரிகள் நிற்கும், அந்தப் பக்கம் தொழிற்சாலை பஸ்கள் நிற்கும், ஹாரன் சத்தம் வானைப் பிளக்கும். பசுவோ எந்தப் பக்கமும் திரும்பாமல், அசைபோட்டபடி, நடுச்சாலையில் ஒரு கணம் நின்று எதையோ யோசித்துவிட்டுக் கடந்துபோகும். இதுவே நடை என்று தெளிந்தான் தலைவன். தொழிற்சாலைப் பின்புறத்தில், மரப்பலகை அடுக்குகளுக்கு நடுவே, ஆளில்லாத நேரமாகப் பார்த்து நடந்து பழகினான். அவசரப்படக்கூடாது. எதிரியைப் பார்க்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பின்னால் திரும்பிப் பார்க்கவே கூடாது. இந்த மூன்றும் அவன் வேதமாயின.

விந்தை என்னவென்றால், அது பலித்தது. அவன் அப்படி நடக்கத் தொடங்கியதும் பின்னால் வந்த ஆறு பேரும் தோளை நிமிர்த்தினர். கால்கள் அதே பழைய கால்கள். பந்தோ அதைவிடப் பழைய பந்து. ஆனாலும் வந்த தோட்டத்தையெல்லாம் வென்றனர், வந்த டவுன்காரர்களையும் வென்றனர், இந்த ஆண்டும் இறுதிப்போருக்கு ஏறினர். எதிரே நின்றது அதே கோத்தா கோலா மூடா. சுகுமாரன் அன்று அவிழாத பூட்சுக் கயிற்றை ஏழு முறை கட்டினான்.

போர் குறிக்கப்பட்ட நாளோ புரட்டாசியின் கடைசிச் சனிக்கிழமை. பரிசு ஒரு கிண்ணமும் ஒரு கொழுத்த கிடாயும். புரட்டாசி முடியும்வரை எந்தப் படை வென்றாலும் தன்னைத் தொட முடியாது என்பதை அறிந்ததுபோல், திடலில் கட்டப்பட்டிருந்தவர்களிலும் நின்றிருந்தவர்களிலும் அந்தக் கிடா ஒன்றே முழு நம்பிக்கையோடு காணப்பட்டது. அதற்கு முந்தின வாரத்தில் கோலா மூடாவின் கோல்கீப்பர் இருளப்பன், வலைக்கு முன்னால் நின்றால் வலையே தெரியாத ஆகிருதியன், ஒரு குரற்செய்தி அனுப்பினான். மாதம் முழுக்கக் கத்திரிக்காய் தின்றுவிட்டு எங்களோடு ஓட முடியுமா, எங்கள் பக்கத்தில் சனிக்கிழமை மட்டும்தான் புரட்டாசி, மற்ற நாளெல்லாம் மீன் என்று அதில் சிரித்திருந்தான்.

தேநீர்க்கடையில் படை முழுவதும் தலைவன் முகத்தைப் பார்த்தது. சுகுமாரன் மனத்தில் தோன்றிய பதில், அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது லா என்பதே. ஆனால் ஆறு பேர் பசியோடு பார்க்கும்போது அடுப்பை அணைப்பது எப்படி? தேநீர்க் குவளையை மெல்ல வைத்தான், மீசையைத் தடவினான், சபதம் உரைத்தான்.

"கத்திரிக்காயா? சனிக்கிழமை பச்சைத் தண்ணி பல்லுல படாம வந்து ஜெயிச்சுக் காட்டுறேன்னு சொல்லு."

சொல்லி முடிப்பதற்குள் புவனேசன் அதைப் பதிவு செய்து அனுப்பிவிட்டான். இந்தப் புவனேசன் தலைவனுக்கு வலக்கை. களத்தில் எப்போதும் அவனுக்கு வலப்புறம் இரண்டடி பின்னால் நிற்பவன். பயிற்சியில் அடித்த பெனல்டியைத் தவறவிட்டதே இல்லாதவன். அவன் அனுப்பிய சபதம் இரவுக்குள் யான் என்னும் ஊரின் வயல்வெளிவரை பரவிற்று. வாய் விட்ட அம்பை வாய்க்குள் திரும்பப் போட வழியில்லை.

சனிக்கிழமை மதியம், வாழையிலையில் சோறும் சாம்பாரும் பருப்பும் வடையும் காத்திருக்க, ஜெர்சியோடு வாசலில் நின்ற கணவனைக் காஞ்சனா பார்த்தாள். சோறு வேண்டாம் என்றால் போகட்டும், தண்ணீரையாவது குடித்துவிட்டுப் போங்கள், பெருமாள் ஒன்றும் சொல்லமாட்டார் என்றாள். பெருமாள் சொல்லமாட்டார், புவனேசன் சொல்வான் என்றான் அவன். வாய் சொன்னதற்குக் கால்தான் கட்டணம் கட்டும், பாருங்கள் என்று சொல்லிவிட்டு, அவளும் குடையை எடுத்துக்கொண்டு திடலுக்குப் புறப்பட்டாள்.

போர்க்களம் புகுந்தனர் வீரர். புதுக் கார் எடுத்தவர் சக்கரத்தில் வைத்து நசுக்குவதுபோல், ஒவ்வொருவனும் பூட்சுக்கு அடியில் ஓர் எலுமிச்சையை வைத்து நசுக்கிக் கோட்டைத் தாண்டினான். உறுமி அதிர்ந்தது, தப்பு முழங்கியது, பனிக்கட்டி மிதக்கும் சிவந்த சீராப் சர்பத் அண்டாக்கள் கோட்டோரம் மின்னி, தலைவனின் நாவை நோக்கிக் கண் சிமிட்டின. ஒலிபெருக்கியைக் கைப்பற்றிய மணியம், கட்டியக்காரர்களுக்கெல்லாம் கட்டியக்காரன், இரு படைகளின் பெருமையையும் மூச்சு விடாமல் முழங்கினான். பள்ளி ஆசிரியர் அய்யாவு நடுவராக நின்று விசிலை வாயில் வைத்தார். ஆட்டம் தொடங்கிற்று.

வேலும் வாளும் மோதியதுபோல் முழங்காலும் முழங்காலும் மோதின என்றும், குருதி ஆறாய் ஓடிற்று என்றும் பாட ஆசைதான், ஓடியது வியர்வை. முதற்பாதியில் கோலா மூடா ஒரு கோல் போட்டது. பிற்பாதியில் புவனேசன் ஒரு கோல் திருப்பினான். சுகுமாரன் இடுப்பில் கைவைத்து நடுக்கோட்டில் நின்றதையெல்லாம் பார்வையாளர் ராஜதந்திரம் என்று எண்ணினர். அவனுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது என்பது காஞ்சனாவுக்கு மட்டும் தெரியும். இப்படிச் சமநிலையில் நின்ற போரில், முடிவு விசிலுக்குச் சற்று முன்பு, கோலா மூடா வீரன் ஒருவனின் கையில் பந்து போய் மோத, அய்யாவு விசிலை ஊதிப் பெனல்டிப் புள்ளியைச் சுட்டினார்.

திடல் மூச்சை அடக்கியது. சென்ற ஆண்டின் நினைவு அத்தனை பேர் முகத்திலும் நிழலாக விழுந்தது. ஐந்து பேர் தலைவனைப் பார்த்தனர். திவாகரன் மட்டும் தரையைப் பார்த்தான். இதற்குமேலும் தாமதித்தால் பயம் புகுந்துவிடும் என்று உணர்ந்த சுகுமாரன், பந்தை வாங்கி இடுப்பில் இடுக்கி, காலரை ஒருமுறை நிமிர்த்தி, நடுக்கோட்டிலிருந்து தன் பவனியைத் தொடங்கினான்.

முதல் அடி வைத்தான், உறுமி அதிர்ந்தது. இரண்டாம் அடி வைத்தான், பெண்கள் குலவையிட்டனர். மூன்றாம் அடி வைத்தபோது, முந்தின இரவு முதல் நீரின்றி, உப்பின்றி, ஓய்வின்றி, வாய் செய்த குற்றத்துக்குத் தண்டம் கட்டிக் கட்டிச் சலித்துப்போன இடது கெண்டைக்கால், அடிமையாக வாழ்ந்தது போதும் என்று கலகக்கொடி தூக்கி, நரம்புகளைத் திரட்டி, சதைகளைச் சுருட்டி, முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடைப்பட்ட நாடு முழுவதையும் ஒரே கணத்தில் கைப்பற்றிக்கொண்டது. கிரேம்ப் பிடித்துவிட்டது.

புறப்பகைக்குப் படை உண்டு. உட்பகைக்கு என்ன உண்டு? சாதாரண மனிதன் என்றால் கீழே விழுந்து, காலைப் பிடித்துக்கொண்டு, ஐயோ அம்மா என்று கத்தி, யாராவது வந்து கால்விரலை மடக்கிவிட்டதும் எழுந்து போவான். சுகுமாரனுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. அவன் குனிந்து காலைத் தொட்டால் பின்னால் நிற்கும் ஆறு பேரின் தோளும் தொங்கிப்போகும்; முன்னால் நிற்கும் இருளப்பனின் தோள் விரியும்; கிண்ணம் மறுபடி மூடா ஆற்றோடு போகும். இத்தனையும் ஒரு சாண் சதையைத் தொடாமல் இருப்பதில் இருந்தது. அவன் தொடவில்லை.

அரசர்க்குரிய நான்கு உபாயங்களையும் கையாண்டான். முதலில் சாமம்: கெண்டையே, கண்ணே, இன்னும் கொஞ்ச தூரம்தான் என்று உள்ளுக்குள் கெஞ்சினான். கெண்டை முறைத்தது. அடுத்துத் தானம்: ஆட்டம் முடிந்ததும் ஓர் அண்டா சீராப், உப்புத் தூவிய கொய்யா, வாரம் முழுக்க எண்ணெய்க் குளியல் என்று வாக்களித்தான். கெண்டை அவன் வாக்குறுதிகளின் இலட்சணத்தை முன்பே அறிந்திருந்தது. பின்னர்ப் பேதம்: வலது காலைப் பார், அதுவும்தானே பட்டினி, எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது என்று மூட்டிவிட்டான். உடனே வலது காலும் இலேசாக முணுமுணுக்கத் தொடங்கவே அந்தப் பேச்சை விட்டான். கடைசியில் தண்டம்: இடது பாதத்தை ஓங்கித் தரையில் மிதித்தான். அதற்குக் கெண்டை கொடுத்த பதிலடியில் அவன் கண்ணில் நீர் முட்டிற்று. அந்த நீரையும் அவன் மிடுக்காக வைத்துக்கொண்டான்.

இனிச் செய்வதற்கு ஒன்றே இருந்தது. மடங்காத இடது காலை மடக்காமலே இழுத்தான். வலது காலை வைத்து, ஒரு கணம் நின்று, இடது காலைப் புல்லில் கோடு கிழித்தபடி இழுத்து, மறுபடி நின்றான். முகத்தில் மட்டும் அந்தப் பசு. இதைக் கண்ட மணியத்துக்கு அருள் வந்துவிட்டது.

"நடையப் பாருங்க லா! காலை இழுத்து இழுத்து வர்றாரு கேப்டன். அவருக்கு அவசரமே இல்ல. கோல்கீப்பர் காத்திருக்கட்டும்னு வர்றாரு."

ஒலிபெருக்கி சொன்னால் அது உண்மை. திடலே ஆர்ப்பரித்தது, கைப்பேசிகள் உயர்ந்தன, உறுமி அவன் இழுப்புக்கு ஏற்ற தாளத்துக்கு மாறிற்று. வலக்கால், தாளம், இழுப்பு, தாளம். வலை காத்து நின்ற இருளப்பனோ முதன்முறையாக ஓர் அடி பின்வாங்கினான். இத்தனை போர்களில் ஓடிவந்தவரைப் பார்த்திருக்கிறான், பதுங்கி வந்தவரைப் பார்த்திருக்கிறான். இப்படி ஒரு திமிரை அவன் கண்டதில்லை. எந்தக் காலால் அடிப்பான் இவன் என்று கையுறையைத் துடைத்தான். மறுபடி துடைத்தான். குடைக்குக் கீழே நின்ற காஞ்சனா மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

புள்ளியை அடைந்தான் தலைவன். பந்தை வைக்கக் குனிந்தான். அங்கேதான் விதி காத்திருந்தது. குனிந்த நொடியில் கெண்டையின் கலகம் தொடைக்கும் பரவி, இடது கால் முழுவதும் கல்லாக, பந்தின் மேல் ஒரு கையை வைத்தபடி ஒற்றை முழங்காலில் அவன் அப்படியே உறைந்துபோனான். எழ முயன்றான், முடியவில்லை. இன்னொரு முறை முயன்றான், உடல் நடுங்கிற்று. திடல் அதைத் தியானம் என்று கருதி அமைதி காத்தது. அய்யாவு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அந்த அமைதியில் சுகுமாரனுக்கு அழுகை வந்தது. பொய் மீசை ஒட்டிக்கொண்ட கூத்தாடி நடுமேடையில் மாட்டிக்கொண்டதுபோல் உணர்ந்தான். எல்லாம் முடிந்தது, இனிக் கையைத் தூக்கி உண்மையைச் சொல்லிவிடுவதே வழி என்று தலையை நிமிர்த்தினான். எதிரே இருளப்பனின் கண்கள் தெரிந்தன. அந்தக் கண்களில் பயம் இருந்தது. சுகுமாரனுக்கு அந்தப் பயம் நன்றாகத் தெரியும். பல காலம் கூடவே குடியிருந்தது. இவன் ஏற்கெனவே பாதி தோற்றுவிட்டான், இனி நானே அடிக்க வேண்டும் என்பதில்லை, ஒழுங்காக அடிக்கத் தெரிந்த யார் அடித்தாலும் போதும் என்று அவனுக்கு அப்போது விளங்கிற்று.

பயிற்சியில் தவறவிட்டதே இல்லாத புவனேசன் இருக்கிறானே! வலப்புறம் பின்னால், பெனல்டிக் கட்டத்துக்கு வெளியே, எப்போதும் நிற்கும் பக்கத்தில் நிற்பானே! திரும்பிப் பார்த்து அழைத்திருக்கலாம். ஆனால் வேதம் வேதம்தான். திரும்பிப் பார்க்காமலே, வலக்கையைத் தோளுக்கு மேல் உயர்த்தி, ஆட்காட்டி விரலைப் பின்னோக்கி நீட்டி, மண்டலாதிபதி தன் தளபதிக்கு நாட்டைக் கொடுப்பதுபோல் ஆணையிட்டான்.

"வா. நீ அடி."

அந்தோ, புவனேசன் அங்கே இல்லை. சபதம் செய்யாத அந்தப் புத்திசாலி, சந்தடியில் கோட்டோரம் போய்ச் சீராப் குடித்துக்கொண்டிருந்தான். அவன் விட்டுப்போன இடத்தில், எங்கே நிற்பது என்று தெரியாமல் வந்து நின்றவன், சென்ற ஓராண்டாகப் பந்தையும் கம்பத்தையும் நிமிர்ந்து பாராத திவாகரன். விரல் அவன் நெஞ்சுக்கு நேராக நீண்டிருந்தது. அவன் தன்னையே தொட்டுக் காட்டி, நானா என்று கேட்பதுபோல் பார்த்தான். பின்புறத்தில் கண் இல்லாத தலைவனின் விரலோ அசையவில்லை.

"திவாகரன்!" என்று மணியம் அலறினான். "கேப்டன் திவாகரனைக் கூப்பிடுறாரு. போன வருஷம் விட்டவனையே கூப்பிடுறாரு லா!"

அந்தப் பெயர் காதில் விழுந்ததும்தான் தன் விரல் யாரைக் காட்டுகிறது என்று சுகுமாரனுக்குத் தெரிந்தது. இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். புவனேசன் ஓடிவந்துவிடுவான், பந்து வலைக்குள் போய்விடும், கிண்ணமும் கிடாவும் தோட்டத்துக்கு வந்துவிடும். சொல் நாக்கின் நுனிவரை வந்தது. அப்போது பின்னாலிருந்து காலடிச் சத்தம் கேட்டது. சென்ற ஆண்டு கேட்ட குருவித் தத்தல் அன்று அது. ஓர் அடி, ஒரு நிற்பு, புல்லில் கால் இழுபடும் ஓசை. மறுபடி ஓர் அடி. திவாகரன் தலைவனைப்போலவே நடந்துவந்துகொண்டிருந்தான். சுகுமாரன் வாயை மூடிக்கொண்டான்.

அருகில் வந்து குனிந்தவனின் குரல் மட்டும் இன்னும் அந்தப் பழைய குருவியாகவே இருந்தது.

"அண்ணே, நெசமாவா சொல்றீங்க? போன வருஷம் நான்..."

"போன வருஷத்த இப்ப யாரு கேட்டா? அடி தம்பி."

பெனல்டி அடிப்பவனைத் தவிர மற்றவர் விலக வேண்டும் என்பது விதி, அய்யாவு கையசைத்தார். எழ முடியாத தலைவன் விலகுவது எப்படி? மெல்லப் புல்லில் உட்கார்ந்தான். இருளப்பன்மேல் வைத்த கண்ணை எடுக்காமல், இரு கைகளையும் பின்னால் ஊன்றி, வலக்காலால் தரையை உந்தி, பகைவனுக்கு முதுகு காட்டாத பெருவேந்தன் பின்வாங்குவதுபோல், உட்கார்ந்த வாக்கிலேயே நகர்ந்து நகர்ந்து, கட்டத்தின் கோட்டைத் தாண்டினான். அதற்கு மேல் உட்காரவும் முடியாமல் ஒருக்களித்துச் சாய்ந்து, முழங்கையை ஊன்றி, உள்ளங்கையில் தலையைத் தாங்கிக்கொண்டான். புரட்டாசிச் சனிக்கிழமையும் அதுவுமாகப் பெருமாள் பள்ளிகொண்ட கோலத்தில் ஒருவன் பெனல்டியைப் பார்க்கப் படுத்துவிட்டான் என்று திடல் கூரையில்லாமலே கூரை பிய்ந்துபோகக் கத்தியது.

இருளப்பனால் அந்த ஆணவத்திலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. உதைக்கப்போகிறவன் பந்துக்குப் பின்னால் நிற்கிறான் என்பதை மூளை சொன்னாலும், கண் படுத்திருப்பவனையே பார்த்தது. விசில் ஒலித்தது. திவாகரன் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. இழுத்து இழுத்து இரண்டு அடி வைத்து, மூன்றாம் அடியில் தன் பழைய நல்ல காலால் உதைத்தான். பந்து இருளப்பனின் இடப்புறம் தரையோடு ஓடி வலையில் விழுந்தது. அவன் அதைப் பார்த்தது அது வலையில் விழுந்த பிறகுதான்.

பின்னர் நடந்ததைப் பாட எமக்கு வாய் போதாது. உறுமி கிழிந்தது, சீராப் அண்டா கவிழ்ந்தது, அறியாதோர் அறிந்தோரைக் கட்டித் தழுவினர். படுத்திருந்த தலைவனை ஐந்து பேர் அப்படியே அலாக்காகத் தூக்கித் தோளில் வைத்துத் திடலைச் சுற்றிவந்தனர். வேறு எந்த வகையிலும் அவனால் அந்த இடத்தை விட்டு நகர்ந்திருக்க முடியாது என்பது தூக்கியவர்களுக்குத் தெரியாது.

தோளிலிருந்து இறக்கி ஒரு நாற்காலியில் வைத்தபோது, திவாகரன் வந்து எதிரே குந்தினான். முகமெல்லாம் வியர்வையும் கண்ணீரும். என்னையே நான் நம்பவில்லை, நீங்கள் நம்பினீர்களே அண்ணே, திரும்பிக்கூடப் பார்க்காமல் கூப்பிட்டீர்களே என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். சற்றுத் தள்ளி நின்ற புவனேசன் காலிக் குவளையோடு ஒன்றும் புரியாமல் விழித்தான். சுகுமாரனுக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டில் எது பெரிது என்று அவனுக்கே தெரியவில்லை. திவாகரனின் தலையில் கையை வைத்தான். வேறு என்ன செய்வது என்று தெரியாதபோது தலைவர்கள் செய்வது அதுதான்.

கூட்டம் கிடாவைப் பார்க்கப் போனதும் காஞ்சனா வந்தாள். கணவனின் இடது காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, விரலை மடக்கி, கெண்டையை அழுத்தினாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

"புவனேசனத்தானே கூப்பிட்டீங்க?" என்றாள் தணிந்த குரலில்.

அவன் தலையை ஆட்டினான். "திவாகரன்கிட்டச் சொல்லிடட்டுமா? மனசு கேக்கல."

காஞ்சனா, குழாயடிக்குப் போய்க்கொண்டிருந்த திவாகரனைக் கண்ணால் காட்டினாள். வழியில் நின்ற கோலா மூடாக்காரர்கள் ஒதுங்கி இடம் விட்டனர். அவன் யாரையும் பார்க்காமல், அவசரப்படாமல், இடது காலை இழுத்தபடி நடந்தான்.

"சும்மா இருங்க லா," என்றாள். "அவன் நடக்கிறதப் பாருங்க."

சுகுமாரன் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு சொல்லவில்லை, என்றைக்குமே சொல்லவில்லை.

அந்த நடையோ கைப்பேசிகளில் ஏறி, கூலிம் கடந்து, சுங்கைப் பட்டாணி கடந்து, யான் வயற்கரைத் திடல்கள்வரை பாயவே, பெனல்டி அடிக்கப் போகும் ஒவ்வொரு விடலையும் காலரை நிமிர்த்தி இடது காலை இழுத்து நடக்கலானான். அது எதிரியின் கவனத்தைச் சிதறடிக்கும் உத்தி என்று பயிற்சியாளர் விளக்கினர். பழைய வீரர்கள் தங்கள் காலத்திலேயே அது இருந்தது என்றனர். அதற்குச் செண்பகக்குன்று இழுப்பு என்று பெயரும் சூட்டப்பட்டது. இவ்வண்ணம் எட்டுத்திசையும் புகழ் மணக்க, எழுவர் படையின் இதயமாய், எதிரிகளின் கெட்ட கனவாய், செம்பனையும் கித்தா என்னும் ரப்பரும் உள்ளளவும் கெடா மாநில மண்ணில் நின்று நிலவப்போகும் நடைக்குத் தந்தையானான் எங்கள் வீரத்திருமகன்.

சுகுமாரன் திங்கட்கிழமை கிளினிக்குக்குப் போய் எம்.சி. லீவு வாங்கிக்கொண்டு வந்து படுத்துவிட்டான்.